கம்பத்துக்கு மேலே கிரேன்

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம். காலையா மதியமா என்பதில்கூட உறுதியில்லை. ஆடி மாதம், பாலக்காட்டுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது நிச்சயம்.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால், கடைகளின் நெருக்கடிக்கு நடுவே, நட்சத்திர ஓட்டலும் அதன் மேல் சொகுசு வீடுகளுமாக ஒரு கோபுரம் எழுந்துகொண்டிருந்தது. நான் அங்கே சர்வேயர். கோபிப் பக்கத்திலிருந்து வந்த பிரவீனா கிரேனுக்குப் பொறுப்பான இன்ஜினியர். எங்களுக்குக் கிழக்கே ஒரு சின்ன மாரியம்மன் கோயில். திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டு முடிந்து, அம்மனின் கணவனாகக் கும்பிடும் மரக் கம்பத்தைக் கோயில் முன் நட்டிருந்தார்கள்.

வேலை நின்றதும் ஆபரேட்டர் கிரேனின் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் அதன் நீண்ட கை காற்றின் போக்கில் தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டிவைத்தால் காற்று விலாவில் அறைந்து சாய்த்துவிடும். அன்று கோயில் கொடிகள் கிழக்கே பறந்தன. கை மட்டும் வடக்கே நீட்டியபடி அசையாமல் நின்றது.

"யாருங்க பூட்டச் சொன்னது?" என்றாள் பிரவீனா.

ஆபரேட்டர் செங்கோடன் திருவிழா நோன்புக்காக மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைத் தடவினார். "முதலாளிதானுங்க. கம்பத்துக்கு மேல இரும்பு போகக்கூடாதுன்னுட்டாருங்க. நானும் காப்புக் கட்டிப்போட்டேன். என்னால பிரேக்கை அவுக்க முடியாதுங்க."

முதலாளி தனபால் போனில் நிதானமாகத்தான் பேசினார். "ஆத்தா பாத்துக்குவா அம்மணி. ஊரைப் பகைச்சுக்கிட்டு இங்க கட்ட முடியுமா? மீறி அவுத்தயின்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"இன்னைக்கு வேலைல இருக்கறனுங்களே," என்று சொல்லி போனை வைத்தாள்.

நோன்பை முன்னின்று நடத்துபவர் மாசாணியம்மாள். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தார். பிரவீனா நேராக அங்கே போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க்கா, கிரேனை அவுத்துவிடப் போறனுங்க. அதோட கை கம்பத்துக்கு மேல வந்து நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"காத்து அடிக்கற மட்டும்."

"வேண்டாம்னு சொன்னா?"

"அப்பவும் ஏறுவனுங்க. சாஞ்சா இந்தப் பக்கந்தான் சாயும்."

"அப்பறம் என்னத்துக்குக் கண்ணு எங்கிட்ட வந்தே?"

"சொல்லாம ஏறுனா மரியாதை இல்லீங்களே."

மாசாணியம்மாள் பூத் தொடுக்கத் தொடங்கினார். பிரவீனா அங்கேயே நின்றாள். நானாக இருந்தால் பத்துக் காரணங்கள் அடுக்கியிருப்பேன்.

"கோபிக்காரிக்கு வாயைப் பாரு," என்றார் கடைசியில். "போ. செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு."

"பூட்ஸைக் கழட்ட முடியாதுங்க்கா. ஏணி வழுக்கிரும்."

அவர் எழுந்தார். கம்பத்துக்கு ஊற்ற வைத்திருந்த மஞ்சள் தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு அவள் பூட்ஸ் மேலேயே ஊற்றினார். "இப்ப ஏறு."

பிரவீனா பூட்ஸின் அடிப்பாகத்தைச் சாக்கில் அழுத்தித் துடைத்துவிட்டு ஏறினாள். சற்று நேரத்தில் கிரேனின் கை மெல்லத் திரும்பத் தொடங்கியது. கூரைகளைக் கடந்து, கம்பத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாசாணியம்மாள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வாரக் காற்றில் பல கடைகளின் தகரம் பறந்தது. கிரேனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தனபால் சொன்னபடியே செய்தார். பிரவீனா இப்போது கொச்சியில் வேறொரு கோபுரத்தில் வேலை செய்கிறாள். செங்கோடன் கருமத்தம்பட்டியில் சொந்தமாகக் கிரேன் வாடகைக்கு விடுகிறார். மாசாணியம்மாள் அதே வாசலில் பூ விற்கிறார். ஓட்டல் திறந்துவிட்டது, மேல் வீடுகளில் பாதி இன்னும் காலி. நான் போத்தனூர்ப் பக்கம் வீட்டுமனை அளந்துகொண்டிருக்கிறேன்.