சரிபார்க்காத பிரதி

மார்ச் 6, வெள்ளி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். அக்காவின் ஒலிப்பதிவுகள் எல்லாம் புதுப் பெட்டியில் ஏறிவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்காமலே "எல்லாம் பத்திரம்" என்று சொல்லிவிட்டேன். சரியாகத்தான் இருக்கும்.

நாட்குறிப்பில் கடைசி வரியை எழுதியதும் சின்னவள் அதை அடித்தாள். அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது. கீழே மறுபடியும் அதையே எழுதினாள்.

வீட்டில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பேர். வாசற்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் கணினி வகுப்பு. அந்த வகுப்பில் பிடித்த பைத்தியம்தான் இந்தப் பெட்டி. கணக்கர் ஒருவர் அலுவலகத்தைக் காலி செய்தபோது தூக்கிப்போட்ட பழைய டெஸ்க்டாப் அது. கூடப் படிக்கிற தாடிக்காரன் பழைய கணினிக் கடையில் வேலை பார்க்கிறான், அவன் தள்ளிவிட்டது. பக்கவாட்டில் அடிபட்டு நெளிந்த பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும்படி அமைத்து, செருப்பு அலமாரிக்குக் கீழே வைத்தாள். இணையப் பெட்டி அங்கேதான் இருந்தது. தூசி படுமே என்று அம்மா அதன்மேல் பழைய துண்டைப் போர்த்துவாள். மூச்சு முட்டுமே என்று இவள் எடுப்பாள்.

வெறும் பொழுதுபோக்குக்காகச் செய்ததல்ல. பெரியவள் புத்தகங்களை ஒலிநூலாக வாசிக்கிறவள். ஒரு பெரிய நாவலை மாதக்கணக்கில் வாசித்து முடித்த வேளையில், குரல் நாணில் முடிச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. அதுவரை ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. "அப்புறம் இதே குரல் வருமா?" என்று அம்மா கேட்டதற்கு, "வரலாம். எழுதிக் கேட்டா தரமாட்டேன்" என்றார். ஆக, அந்த நாவல் இந்தக் குரலில் இருப்பது இந்தப் பதிவுகளில் மட்டும்தான். பதிவுகளோ ஒலிப்பதிவுக்கூடத்தின் டிஸ்க்கில் இருந்தன; அதைப் பெரியவள் வீட்டுக்கு வாங்கி வந்திருந்தாள். அடுத்து வாசிக்க வருகிறவருக்கு அந்த டிஸ்க் வேண்டும் என்று அவர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளின் மடிக்கணினியில் எள் விழ இடமில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஏறி முடிந்ததும் பெரியவள் கட்டைவிரலை உயர்த்தி, புருவத்தால் கேள்வி கேட்டாள். அம்மா முந்திக்கொண்டாள். "அவகிட்ட ஏண்டி கேக்குற? இன்னொருதரம் பாக்கணும்பா. பாத்து முடிக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துடுவான்." பெரியவள் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது யோசிக்காமல் பதில் சொல்கிறவளாக இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அம்மா வேலைக்குப் போகிற வழியில் டிஸ்க்கை ஒலிப்பதிவுக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னவளுக்கு அன்று கடை விடுமுறை. வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணைக் கணினியே கணக்குப் போட்டுத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அக்காவின் அத்தியாயங்களுக்கு எண் எடுத்தாள். பழக்கதோஷம், இன்னொருதரம் எடுத்தாள்.

நாலாவது அத்தியாயத்தின் எண் மாறியிருந்தது.

தான்தான் எதையோ தப்பாக அடித்துவிட்டதாக நினைத்து மறுபடி எடுத்தாள். இப்போது நாலு சரியாக இருந்தது, பன்னிரண்டு மாறியது. எழுந்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தாள். தாடிக்காரனைக் கூப்பிட்டாள்.

"நான் எதையோ சொதப்பிட்டேன்னு நினைக்கிறேன்."

"நீ எப்பதான் அப்படி நினைக்கல? சொல்லு."

சொன்னாள்.

"ஒரே மூட்டையை ரெண்டு தடவை நிறுத்து ரெண்டு எடை காட்டினா, தப்பு மூட்டை மேலயா, தராசு மேலயா?"

"தராசா?"

"மெமரி போயிருக்கு. பெட்டிக்குள்ள ரெண்டு மெமரிக் குச்சி இருக்கே, ஒண்ணு நான் சும்மா போட்டுக் கொடுத்தது."

"அதைச் சோதிச்சியா?"

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க."

"அது வாங்கறவனுக்குச் சொன்னதுடா, கொடுக்கறவனுக்கு இல்ல!"

"திட்டு, அப்புறமாத் திட்டு. முதல்ல அசல் எங்க இருக்கு, அதைச் சொல்லு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதுவானாலும் முதலில் அந்த மெமரியில் ஏறி, அது வழியாகப் போய்த்தானே டிஸ்க்கில் எழுதப்பட்டது? போகிற வழியில் எது எப்படி மாறியதோ. இரண்டு டிஸ்க் இருந்து என்ன? தப்பும் இரண்டு பிரதியாகத்தான் இருக்கும்.

கூடத்துக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதிவு நடக்கும்போது அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். திரும்பினால் பெரியவள் நின்றிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் மாறியது. சின்னவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவள் வாயைத் திறந்தாள், கையால் பொத்திக்கொண்டாள், கைபேசியில் வேகமாகத் தட்டினாள்.

"பேரு இன்னொருதரம். ஒருதரம்கூடவா பாக்கல?"

அடுத்தது வந்தது: "செருப்பைப் போடு."

பேருந்தில் இருவரும் நின்றுகொண்டே போனார்கள், இருக்கை காலியாக இருந்தும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெரியவள் ஓட்டுநரின் முதுகை முறைத்தாள்.

கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கிற இயந்திரம் ஓடும்போது மேலே பதிவு நிற்கும். அது இப்போது ஓடிக்கொண்டிருந்ததால் ஒலிப்பதிவாளர் வெளியே நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. பேசக் கூடாதுல்ல நீங்க? பேசாதீங்க, பேசாதீங்க."

"டிஸ்க்கை அழிச்சிட்டீங்களா?" என்றாள் சின்னவள்.

"முழுசா இல்ல. புது ஆள் காலையிலயே வந்துட்டார். இடம் பத்தல. முதல் ரெண்டு அத்தியாயத்தை மட்டும் தூக்கிட்டு ஆரம்பிச்சேன். ஏன்?"

"மீட்க முடியாதா?"

"காலி பண்ணின வீட்ல வேற ஆள் குடியேறியாச்சேம்மா. உங்க அக்காதான் எல்லாம் பத்திரம்னு மெசேஜ் போட்டாங்க."

பெரியவள் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்லித்தான் அவ போட்டா" என்றாள் சின்னவள். "பாக்காம சொன்னேன். என் பிரதியை நம்ப முடியாது. மத்ததையாவது தொடாதீங்க."

அவர் பழத்தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு உள்ளே போய், மிச்ச அத்தியாயங்களைத் தன் கணினியில் ஏற்றினார். கீழே டயர்க்காரன் இயந்திரத்தை நிறுத்தினான். புது வாசிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். சின்னவள் நகரவில்லை. டிஸ்க்கில் இருந்ததையும் கணினியில் ஏறியதையும் ஒப்பிட்டு, எண் எல்லாம் பொருந்திய பிறகே எழுந்தாள். "இவ்வளவு நாளா நான் இப்படிப் பாத்ததே இல்ல" என்றார் அவர். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து இனாமாக வந்த குச்சியைப் பிடுங்கினாள். இப்போது எத்தனை முறை எடுத்தாலும் எண் மாறவில்லை. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். ஒப்பிட்டுப் பார்க்க அசல் இல்லாத அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் காது ஒன்றே வழி.

பெரியவள் நாவலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, காதொலிப்பானை மாட்டினாள். தன் குரலைத் தானே கேட்டபடி வரிவரியாக விரலை நகர்த்தினாள். சின்னவள் எதிரில் உட்கார்ந்தாள், எழுந்தாள், செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள், துண்டை மடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வேலையிலிருந்து வந்த அம்மா விஷயம் தெரிந்து, "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லி வெங்காயம் உரிக்கப் போனாள்.

முதல் அத்தியாயத்தில் ஒரு 'டிக்'. மூச்சு வாங்கும் இடைவெளியில் விழுந்திருந்தது, வெட்டிவிடலாம். இரண்டாவது அத்தியாயம் பாதி தாண்டியபோது பெரியவளின் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி கேட்டாள். காதொலிப்பானைக் கழற்றித் தங்கையின் காதில் வைத்தாள். 'திரும்பிப் பார்த்தான்' என்பதில் 'பார்த்தான்' நடுவே சொடுக்கு விழுந்து சொல் இரண்டாக உடைந்திருந்தது.

பெரியவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். ஒரு விரலை உயர்த்தினாள். ஒரே ஒரு சொல்தானே, பேசிவிடுகிறேன்.

"வெட்டிப் போட்டுடுவேன்" என்றாள் அம்மா, கத்தியோடு வந்து.

"வேண்டாம்கா" என்றாள் சின்னவள். "இதே சொல்லை நீ வேற இடத்துல சொல்லியிருப்பியே."

பெரியவள் அவளைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டத் தொடங்கினாள். எங்கே எந்தத் தொனியில் வாசித்தோம் என்று நினைவு வைத்திருப்பவள் அவள். இது வேண்டாம், அங்கே கோபமாகச் சொன்னது. இது வேண்டாம், கேள்வியாக முடிந்தது. பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். அங்கேயும் யாரோ நடந்துபோகிறவன் நின்று திரும்பிப் பார்க்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் போலவே, அவசரமில்லாமல்.

ஒலிப்பதிவாளருக்குச் செய்தி அனுப்பினார்கள். "பொருந்தும்னுதான் நினைக்கிறேன். காலையில ஒட்டிப் பாத்தாதான் தெரியும்" என்று பதில் வந்தது. பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் தங்கைக்கு ஒரு வரி அனுப்பினாள். "நாளைக்கு நீயும் வா. நீ இல்லாம நான் நம்பமாட்டேன்."

மார்ச் 7, சனி. பதினேழாம் அத்தியாயத்துச் சொல் இரண்டாம் அத்தியாயத்தில் பொருந்துமா என்று இன்னும் தெரியவில்லை. நாளை காலை: முதல் இரண்டு அத்தியாயங்களையும் பென் டிரைவில் கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே ஏற்றியதும் எண்ணை ஒப்பிட வேண்டும். ஒட்டிய பிறகு அக்கா முதலில் கேட்க வேண்டும், நான் அடுத்து.