வரப்பேறிய நாற்று

காத்தாயி மனநல ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க அவளுடைய குத்தகை வயலில் நட்ட நாற்று ஒன்றுகூடச் சேற்றில் தங்கவில்லை. பகலில் நட்டுவிட்டு வந்தால், விடிவதற்குள் அத்தனையும் வரப்பில் ஏறி வேரைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கீழவாய்க்கால்குடியில் அந்த வருஷம் யூரியாவும் கிடைக்கவில்லை. ஜனங்கள் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

சூரியன் சின்னம் ஆட்சிக்கு வந்த புதிது. கூலித் தகராறில் அடிபட்டுப் புருஷன் செத்ததும் காத்தாயிக்குத் தூக்கம் போய்விட்டது. எரிகிற அடுப்பில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்து, "மடை தொறந்தாச்சு" என்றாள். கொழுந்தன் ஐயாவுதான் பட்டணத்துக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சரியான காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. நர்ஸ் சஃபியா தலை பின்னிவிட்டு, "நீ சாப்பிட்டாதான் நான் சாப்பிடப் போவேன்" என்று எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அப்படியே காத்தாயி தேறியும்விட்டாள். ஆனால் நடவுக் காலத்தில் சன்னலைப் பார்த்து, "யாரோ நட்டிருக்காங்க, நாத்து மேல ஏறிருச்சு" என்று சொல்லித் தொலைத்தாள். உள்ளதைத்தான் சொன்னாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த போகத்திலும் சொன்னாள், மறுபடி கூட்டினார். அதற்கடுத்த போகத்தில் வாயைத் திறக்கவில்லை. குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் அதைவிடக் கொடுமை. சிரித்தால் "பாத்தியா" என்றார்கள், சிரிக்காவிட்டாலும் "பாத்தியா" என்றார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய் முடித்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? போகட்டும் என்று விடவும் வழியில்லை. குத்தகைதாரர் பெயரைச் சர்க்காரில் பதியும் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் காத்தாயிக்கு வேறு கதி கிடையாது.

வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதார் சாரங்கபாணி, பைத்தியத்தின் பெயரில் பதிய விடக்கூடாதென்று சொந்த ஆள்களை இறக்கி நட்டுப் பார்த்தார். நாற்று வரப்பேறிவிட்டது. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெட்டினார், விவசாய ஆபீசர் புது ரக நாற்று கொண்டுவந்தார், அதுவும் ஏறிவிட்டது. செங்கொடிக்காரர் இது மிராசுதாரின் சதி என்றார், ஆளுங்கட்சிக்காரர் டில்லியின் சதி என்றார். இத்தனைக்கும், முதல் நாற்று முடியை வயலின் சனிமூலையில் உழுகிற குடும்பத்துப் பெண்தான் ஊன்ற வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெண் அதே வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கை ஆகாது என்று ஒருவரும் கூப்பிடவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள், என்னத்தைச் சொல்ல.

குத்தகைப் பதிவு விசாரணைக்கு வந்த தாசில்தார், யார் நட்டது நிற்கிறதோ அவர் பெயரைத்தான் எழுதுவேன் என்றார்.

"அது பைத்தியம் சார்" என்றார் சாரங்கபாணி.

காத்தாயிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாத்து வரப்பேறுச்சுன்னா எல்லாரும் நம்புறாங்க ஐயா. பொம்பள தேறிட்டான்னா மட்டும் ஏன் நம்ப மாட்டேங்குறாங்க?"

தாசில்தார் வரப்பிலிருந்த நாற்றை ஒருதரம் பார்த்தார், கூட்டத்தை ஒருதரம் பார்த்தார். "நடும்மா" என்றார். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சனிமூலையில் இறங்கினாள். மறுநாள் காலையில் வயல் முழுக்கப் பச்சை நின்றது. பெயர் ஏறியது.

பிறகு பல வருஷம் ஆயிற்று. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கக் காத்தாயி தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவாள். அன்றைக்கு மட்டும் பயிர் முழுக்க வரப்பில் ஏறி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கதிர் வாங்கிய பயிரானாலும் அப்படித்தான். நடக்கிறவர்கள் மிதிக்காமல் வாய்க்காலில் இறங்கிப் போவார்கள். நெல் விலை பேச வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கூட வந்த சாரங்கபாணிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வாய்க்காலில் இறங்கினார்.

"காத்தாயி மாத்திரை வாங்கப் போயிருக்கு. அஞ்சு மணி பஸ்ல வந்துரும், இதுவும் எறங்கிரும். நீங்க இப்படி ஓரமா வாங்க."