கதவுப் பாட்டு

பசுமலையில் எங்களுடையது இரண்டே அறை வீடு. உள்ளறையில் என் மாமியார் ஒச்சம்மாள் படுத்திருந்தார். புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வெளியறையில் என் கணவர் முத்துக்குமரன். கப்பலூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு இவர் நாடகத்துக்குப் போனபோது, இனி என் அறை வாசற்படியை மிதிக்காதே என்று அத்தை சொல்லியிருந்தார். இவரும் மிதிக்கவில்லை. அம்மா கூப்பிடட்டும் என்று இவர், அவனாக வரட்டும் என்று அவர். நடுவில் கஞ்சியோடும் மாத்திரையோடும் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் ஓய்வு உண்டு.

இதில் வேடிக்கை, இவர் ஊர் ஊராகப் பாடி நடித்த இசை நாடகமே, சாகக் கிடக்கும் தாயோடு மகன் சமாதானமாகும் கதைதான். மூடிய கதவுக்கு வெளியே நின்று, "வாசலில் நிற்பது உன் மகனம்மா, வந்து கதவைத் திறம்மா" என்று பாடுவார். கீழக்குயில்குடித் திருவிழாவில் அழாத ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் நாடக செட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி பதில் அடி எடுக்கும்வரை, பாடியவர் தன் அடியையே திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். நிறுத்தினால் தோற்றதாகக் கணக்கு. இவர் தோற்றதே இல்லை என்பதில் இவருக்கு அம்புட்டுப் பெருமை.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒத்திகை. தாய் வேஷம் கட்டும் சங்கிலி அண்ணன் வந்து சேரவில்லை. ஆர்மோனியக்காரர் பொறுக்க முடியாமல் தொடங்கிவிட்டார். இவர் பாடினார். பதில் எடுக்க ஆளில்லை. மறுபடியும் பாடினார். கண் மட்டும் உள்ளறைப் பக்கமே போனது. இவர் யாருக்குப் பாடுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடிப் பாடி இவர் குரல் கம்மிப்போனது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை, படியைத் தாண்டவும் முடியவில்லை. கூண்டில் மாட்டிய எலி மாதிரி அந்த ஒரே அடிக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். இம்புட்டு நாள் கோபமெல்லாம் போய், எனக்குப் பாவமாக இருந்தது.

உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. பாட்டாக இல்லை.

"குமரா, கதவு தொறந்துதான்டா கெடக்கு. பாட்ட நிறுத்திட்டு உள்ள வா."

ஆர்மோனியம் நின்றது. இவர் பழக்கதோஷத்தில் அந்த அடியை இன்னொரு தடவை எடுத்தார். பாதியிலேயே விட்டுவிட்டு, படியை மிதித்து உள்ளே போனார்.

அன்று கஞ்சியை நான் கொண்டுபோகவில்லை.