பச்சைமுத்து பார்த்த பதினோரு சமையலறைகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல, பெங்களூரில் எங்கள் தொம்மலூர் ஆபீஸ் கேன்டீன் சமையல்காரர் பச்சைமுத்துவுடையது. இன்று காலை அரை நாள் லீவு கேட்க வந்தவர் காரணத்தையும் சொன்னார். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"2003 மே மாதம். ஆல்ப்ஸின் வெண்பனிச் சிகரங்கள் பொன்னொளியில்—"

அடித்துவிட்டேன். ஆல்ப்ஸை நான் பார்த்ததில்லை. பச்சைமுத்துவும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் ஐந்து முறை ஐரோப்பா போய்வந்தவர். பார்த்ததெல்லாம் பதினோரு சமையலறைகள்தான்.

2

நம் ஊர் டூர் கம்பெனிகள் சமையல்காரரையும் கூடவே அழைத்துப்போகும். நாற்பத்திரண்டு பேர் உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பும்போது சாம்பார் சூடாக இருக்க வேண்டும். ஆகவே அவர்கள் பார்க்கிற நேரம்தான் இவர் தாளிக்கிற நேரம். வெனிஸில் வண்டி போகாது. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துப் பாலம் பாலமாக ஏறி இறங்கினார். படிகள் மட்டும் தெரிந்தன. பீசாவில் எல்லோரும் சாய்ந்த கோபுரம் பார்க்க, இவர் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

(மலை உச்சியில் அரிசி லேசில் வேகாது. நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டார்.)

3

வீட்டில் இதைச் சொல்லவில்லை. போஸ்ட்கார்டு வாங்கி வந்து, கைடு சொன்னதை ஒப்பித்தார். எட்டாவது படிக்கும் மகள் சங்கமித்ரா அதையெல்லாம் அடுகோடியில் இருக்கும் வீட்டுச் சுவரில் ஒட்டி, வகுப்பில் பீற்றிக்கொள்ள, இன்று, திங்கட்கிழமை மதியம் அப்பாவை வந்து பேசச் சொல்லிவிட்டார் ஜூடித் மிஸ். நேற்று அவள் கேட்டாள்:

"சாஞ்ச கோபுரம் எந்தப் பக்கம்ப்பா சாஞ்சிருக்கு?"

"அது நாம நிக்கிற எடத்தப் பொறுத்தும்மா."

"நீ எங்க நின்ன?"

அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

(அவர் மனைவி சரசுவையும் இங்கே உட்கார வைத்திருந்தேன். அவள் இருந்தால் துருவித் துருவிக் கேட்டு உண்மையை அப்போதே வெளியே கொண்டுவந்துவிடுவாள். வேலைக்கு அனுப்பிவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: மனப்பாடமாக ஒப்பிக்கிறார். கைதட்டல். சங்கமித்ராவும் தட்டுகிறாள். இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். பிள்ளைகள் சிரிக்க, அவள் தலையை—

வேண்டாம்.

5

இப்போது மணி இரண்டு. கரும்பலகை முன்னால் பச்சைமுத்து நிற்கிறார். எதிரே நாற்பத்திரண்டு பேர். பழக்கதோஷம், "எல்லாரும் சாப்டீங்களா?" என்கிறார். ஒருத்தியைத் தவிர எல்லோரும் சாப்பிட்டாயிற்று.

அந்த ஒருத்தி கை தூக்குகிறாள். கேள்வி நேற்றையதுதான். அவர் எங்கே நின்றார் என்பது அவருக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் சொல்லப்போவதில்லை.

நீங்கள் சொல்வதானால் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கிறாள்.