நடவடிக்கை எடுக்கப்பட்டது

அறிவிப்பு காலை பத்தே முக்காலுக்கு வந்தது. துணைமின் நிலையத்தின் பிரிண்டர் துப்பிய தாளை ஆபரேட்டர் எடுத்தார். 'சூரியப் புயல் எச்சரிக்கை, மூன்றாம் நிலை.' மேலே பேரிடர்த் துறையின் முத்திரை. ஒன்பது வருடமாகப் பயிற்சிக்கென்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிற அதே தாள்.

"மறுபடியும் சூரியனுக்குக் காய்ச்சலாண்ணே?" என்றான் லைன்மேன். கம்பத்தில் தாவி ஏறுவதால் அவனுக்குத் தவக்களை என்று பேர்.

"ஆமாடா. நீ போய் நெத்தியில ஈரத்துணி போட்டுட்டு வா."

பதில் படிவங்கள் இழுப்பறையில் கட்டாக இருந்தன. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆள் அலைய வேண்டாமென்று, இன்ஜினியரம்மா வருடத் தொடக்கத்திலேயே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். இரண்டு வரிகள் அச்சாகவே இருக்கும். மின்மாற்றியின் சுமை பாதியாகக் குறைக்கப்பட்டது. வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தில் இருக்கும் நோயாளிகள் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். ஆபரேட்டர் தேதி போட்டு அனுப்பிவிட்டார்.

அந்த நோயாளிகள் பட்டியலில் பதினோரு பேர். ஏழாவது பெயர் அவர் மனைவியுடையது. இருபது வருடம் பஞ்சாலைத் தூசியைத் தின்ற நுரையீரல். இயந்திரம் இல்லாமல் அவளால் அடுப்படி வரைகூட நடக்க முடியாது.

பன்னிரண்டே காலுக்கு மின்மாற்றி உறுமத் தொடங்கியது. மேட்டில் பாரவண்டி முக்குகிற மாதிரி. தவக்களை ஓடிவந்தான்.

"அண்ணே, தரையே அதிருது. எண்ணெய்ச் சூடு தொண்ணூறைத் தாண்டியாச்சு. லோடும் ஏறிக்கிட்டே போகுது."

ஆபரேட்டர் காலைத் தாளைத் தேடி எடுத்தார். பயிற்சித் தாளின் மூலையில் 'பயிற்சி' என்று சிவப்பில் இருக்கும். இதில் இல்லை. நிஜப் புயல்; அதன் மின்சாரம் கம்பி வழியாக மின்மாற்றிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார்.

"சார், நிலையத்தை நிறுத்தணும். உத்தரவு குடுங்க."

"நிறுத்தறதா? பாதி லோடைக் குறைச்சாச்சுன்னு நீங்கதானே பதில் அனுப்பினீங்க? அதை நம்பித்தான் பக்கத்து நிலையத்தை நிறுத்திட்டு, அவங்க லோடையும் உங்க தலையில கட்டினோம்."

"எதையும் குறைக்கல சார். படிவம் மட்டும்தான் அனுப்பினோம்."

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "இருங்க, மேல கேட்டுச் சொல்றேன்."

உத்தரவில்லாமல் சுவிட்சைத் தொட்டால் வேலை போய்விடும். நான்கு நிமிடம் நின்றார். ஐந்தாவது நிமிடம் வேலை போனால் போகட்டும் என்று சுவிட்சை இறக்கினார். அதற்குள் மின்மாற்றியின் எண்ணெய்த் தொட்டிக்குள் படாரென்று வெடித்தது. மூடியோரமாகக் கறுப்பு எண்ணெய் வழிந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

இன்ஜினியரம்மா வந்து பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"புதுசு வர எவ்வளவு நாளாகும் மேடம்?" ஆபரேட்டர் கேட்டார்.

"இன்னிக்கே ஆர்டர் குடுத்தாலும் ஒன்றரை வருஷம்ணே. பக்கத்து ஊர்லேருந்து கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக் குடுக்கவே ரெண்டு வாரமாகும்." எழுந்து போய் மிச்சப் படிவங்களை எடுத்துக் கிழித்தார்.

"இப்பக் கிழிச்சு என்ன மேடம் ஆகப்போகுது?" என்றார் ஆபரேட்டர்.

ஆபரேட்டரே பேரிடர் அலுவலகத்தை அழைத்தார்.

"உங்க ஊர்ல பதினோரு பேரையும் மாத்தியாச்சுன்னு இருக்கே?" என்றாள் ஒரு பெண்.

"மாத்தலம்மா. எல்லாரும் வீட்லதான் இருக்காங்க."

"ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியெல்லாம் மாத்தாத ஊருக்குக் கிளம்பிடுச்சே. இனி நாளைக்கு மத்தியானம்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க, இடமில்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க."

தவக்களை பட்டியலை வாங்கிக்கொண்டு மற்ற பத்து வீடுகளுக்குச் சொல்லச் சைக்கிளில் போனான்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டரைத் திறந்துட்டேன். இது ஆறு மணி நேரம்தான் வரும். கரண்ட் எப்பப்பா வரும்?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளை மதியம்வரை ஏறக்குறைய ஒரு நாள். ஆறு மணி நேரத்தை நாலு மடங்காக இழுக்க வேண்டும்.

"சிலிண்டர் முள்ளு எதுல இருக்கு?"

"நாலுல."

"ஒண்ணுக்குக் குறைம்மா."

"ஒண்ணா? அம்மா தாங்க மாட்டாங்கப்பா!"

"தெரியும்."

மகள் அழுவது கேட்டது. அதற்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல், ஒவ்வொரு சொல்லாக: "அப்பா... சொல்றார்ல... திருகுடி."

அவர் போனை வைக்கவில்லை. திருகியதும் அந்த மூச்சு எப்படி மாறுகிறதென்று கேட்டுக்கொண்டே நின்றார்.