நான்கில் நின்ற முள்

தம்பி கட்டிய என்ஜின் என்றால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்காருவாள். அந்தப் பந்தயக் காரில் அவன் கை படாத திருகு கிடையாது. ஓட்டுவது மட்டும்தான் அவள் வேலை.

இருவருக்கும் ஒரே சண்டைதான். தடத்தின் நீண்ட வலது வளைவில் கார் பறக்கும்போது ஆயில் மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்புக்கு உறிஞ்ச ஒன்றும் மிஞ்சாது. ஆயில் பிரஷரைக் காட்டும் முள் நான்கிலிருந்து மளமளவென்று இறங்கும். உடனே அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பாள். எடுக்காவிட்டால் ஆயில் இல்லாத என்ஜின் இறுகிப் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரங்கள் நின்றுவிடும், கார் நேராகச் சுவரில் போய் மோதும். இது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தோற்றால் மூன்று நாள் சாப்பாடு இறங்காத ஜென்மம் அது.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுறியா, முள்ளைப் பாத்து ஓட்டுறியா? போன தடவையும் அந்த வளைவுலதான் கோட்டை விட்டோம்."

"முழுசா வந்து சேந்தேன்ல, அதுக்கு சந்தோஷப்படு."

இன்று காலை அவளுக்குப் பெல்ட் மாட்டிவிடும்போது அவன் முகமெல்லாம் பூரிப்பு.

"பழைய சென்சார்தான்கா இத்தனை நாளா பொய் சொல்லிட்டு இருந்திருக்கு. புதுசு போட்டுட்டேன். இனிமே முள்ளு ஆடாது, தைரியமா மிதி."

பந்தயத்தில் முள் ஆடவே இல்லை. மற்ற இடங்களில் முள்ளால் பயமில்லை, கண் சாலையிலேயே இருக்கும். அந்த வளைவில் மட்டும்தான் அவள் முள்ளைப் பார்ப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் அது நான்கில் சமர்த்தாக நின்றது. அவள் காலை எடுக்கவில்லை. முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. என் தம்பி கெட்டிக்காரன் என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொன்னாள்.

கடைசிக்கு முந்தைய சுற்றில், அதே வளைவில், பக்கத்திலிருந்த வெப்ப முள் கண்ணில் பட்டது. என்ஜினுக்குக் காற்று ஊதும் டர்போவைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பும் ஆயில் எப்போதும் நூற்றுப்பத்து டிகிரியில் இருக்கும். இப்போது நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. சூடேறினால் ஆயில் தண்ணீராக இளகும், இளகினால் பிரஷர் இறங்கியே ஆக வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே தம்பிதான். பிரஷர் முள் ஒரு மயிரிழைகூட இறங்கியிருக்கவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை எடுத்தாள், கியரை விடுவித்தாள், தடத்தை ஒட்டிய பணிமனைப் பாதைக்குள் காரை உருட்டிக்கொண்டுபோய் என்ஜினை அணைத்தாள். மீட்டர்களுக்கான மின்சாரத்தை அணைக்கவில்லை.

என்ஜின் செத்துக் கிடந்தது. பம்பு நின்றுவிட்டது. பிரஷர் முள் இன்னும் நான்கிலேயே நின்றது.

 பொய் முள்ளை நம்பி எத்தனை முறை அந்தச் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கிறாள் என்று சுற்றுகளை எண்ணிப் பார்த்தாள்.

தம்பி ஓடி வந்தான். "ஏன்கா நிறுத்திட்ட? நாமதான முதல்ல இருந்தோம்!"

அவள் முள்ளைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சென்சாரை மாத்துனியா, இல்லையா?"

"மாத்தலக்கா. ஒயரைக் கழட்டிட்டு, நாலுல நிக்கிற மாதிரி... நீ சும்மா சும்மா பயந்து காலை எடுக்குற. ஒண்ணும் ஆகாதுக்கா, என் என்ஜின் தாங்கும்."

ஆத்திரம் பொங்கிக்கொண்டு வர வேண்டியது. வரவில்லை. கூடப் பிறந்தவனை யாரோ வழிப்போக்கனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வழக்கம்போல் அவள் பெல்ட்டைக் கழற்றக் குனிந்தான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சூட்டு முள்ளை மட்டும் ஏன்டா விட்டுவச்ச?"

அவன் தலை குனிந்தான்.

"அதுக்கு நேரம் கிடைக்கலக்கா."