பதினாறு ஜன்னல்களும் இரண்டு மரங்களும்

முப்பத்தைந்து வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். கோடு இம்மி கோணினாலும் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பாழாய்ப்போன புத்திதான் என்னைக் கெடுத்தது.

என் மனைவிக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்றார் கண் டாக்டர். அவள் இருபது வருடம் வேலை பார்த்த நூலகத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். வாசலின் இரு பக்கமும் நின்ற மரங்களையும் விட்டுவைக்கவில்லை. நான் அவளை முதன்முதலில் பார்த்தது அந்த நிழலில்தான்.

"அந்த இடத்தை ஒரு தடவை வரைஞ்சு காட்டுங்க. கட்டடம் எப்படியோ போகட்டும், எனக்கு மரம் ரெண்டும் வேணும்" என்றாள்.

ஆயில் பெயிண்டிங் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சருக்கு என் மகள் வயது. "முதல்ல வானம், அப்புறம் கட்டடம், கடைசியா மரம். ஒண்ணு காயறதுக்குள்ள இன்னொண்ணைப் பூசினா சேறாயிடும் சார்" என்றாள்.

நூலகத்துக்குப் பதினாறு ஜன்னல். ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று சாய்ந்தது. மேலே பூசுவேன், ஒரு வாரம் காயவிடுவேன், மறுபடி பூசுவேன்.

"மரம் வந்துடுச்சா?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பாள்.

"நாலாவது ஜன்னல் கொஞ்சம் இடிக்குது."

"வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியாச்சா? இடிச்ச கட்டடத்துக்கு யாருங்க ஜன்னலை அளக்க வரப்போறாங்க?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"போதும் சார், மரத்தைப் போடுங்க" என்று டீச்சரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டேனா? பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஐந்தாம் மாதம் மரங்களை இரண்டே நாளில் போட்டேன். இலைகளுக்கிடையே வானம் தெரியும்படி வண்ணத்தை மெல்லிசாக இழுத்திருந்தேன். என் கையா இது என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அதற்குள் அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்தது.

காய்ந்த பிறகு படத்தை அவள் மடியில் வைத்தேன். விரல்களால் தடவினாள். மரங்களின்மேல் விரல் நிற்கவேயில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுவில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு நின்றது.

"இதோ, மேடா இருக்கே. இதுதானே மரம்?"

அது நாலாவது ஜன்னல்.

"ஆமா" என்றேன்.

"நல்லா வந்திருக்குங்க" என்று கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.